தேற்றுக்கோல்

என் தங்கையின் இடது கை தோள் உயரத்தைத் தாண்டி மேலே போகாது. தலை வாருவதும் கொடியில் துணி போடுவதும் வலது கையால்தான். அந்தக் கையை உடைத்தவர் ஒரு பாஸ்டர். அவர் உடைத்தபோது அவளுடைய இரண்டு கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தவள் நான். காலைப் பிடித்துக் கெஞ்சுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் காலைப் பிடித்து அடிக்கக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நடுவில் எங்கேயாவது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, வருஷம் ஒன்று கழிந்ததும் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்த காலம் அது. எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. எந்த மாவட்டமானால் என்ன, எங்களுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். என் வேலை முந்திரிக் கொட்டை உடைப்பது. வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு தட்டவேண்டும். தோடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரவேண்டும். கொஞ்சம் பலமாகப் போட்டால் பருப்பு நொறுங்கிவிடும், நொறுங்கினதற்குப் பாதிக் கூலிதான். தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரல்கள் எப்போதும் கறுத்து உரிந்தே இருக்கும். வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தலை காட்டுவார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கை எங்களோடு இருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், பத்தாவது வரை படித்தவள். பத்தொன்பது வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்கேயாவது விழுவாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் விஷயம் காதில் விழுந்ததும் கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டுப் போயின. அவளுக்குச் சுகமாக வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு ஜெபமே கிடையாது.

எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பதுக்குள்தான். மாதம் ஒருமுறை வந்து ஆராதனை நடத்திய வயதான போதகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்தவர் வருவதற்குள் இவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, கணீர் என்று ஒரு குரல். முந்திரிக் காட்டு ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஜெபக்கூடம் எழுப்பினார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைக் கயிறு கட்டி இறங்கித் தூக்கிக் கொடுத்தார். கெட்டவன் கெட்டவனாகவே வந்திருந்தால் எங்களுக்கு என்ன கஷ்டம், வாசலிலேயே செருப்பைக் கழற்றி அடித்திருப்போம். எல்லாவற்றையும்விட, ஆஸ்பத்திரிக்குப் போகாதே, மாத்திரை சாப்பிடாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் ஆட்களைப் பற்றி எங்களுக்கு முன்பே தெரியும். இவர் அப்படிச் சொல்லாததாலேயே இவர் சரியான ஆள் என்று முடிவு கட்டினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை எடுத்தார். எங்களுக்குப் பால் பல் விழும் முன்னே மனப்பாடமான சங்கீதம். அதில் மேய்ப்பனுடைய கோலும் தடியும் வரும். அவை என்ன செய்யும் என்பதற்குத் 'தேற்றும்' என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லில் நின்றார்.

"படுத்த படுக்கையா கெடந்தவன் எந்திரிச்சு நடமாடுறான். ஊருல என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"தேறிட்டான்னு சொல்லுவோம்" என்றோம்.

"அப்ப, தேற்றும்னா?"

அவரே பதிலையும் சொன்னார்.

"தேற வெக்கும்! எது தேற வெக்கும்? கோலும் தடியும்! வேதத்துல கண்ணுக்கு முன்னால எழுதி இருக்கு, இத்தன வருசமா யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஆயிரம் தடவை வாயால் சொன்ன சொல்லுக்குள் இப்படி ஒரு மருந்து இருந்திருக்கிறதே, மண்டுகளாக இருந்துவிட்டோமே என்று அழுதேன். கள்ளப் போதகம் என்று சபையில் சின்ன வயதிலிருந்து எச்சரிப்பார்கள். அது புதிதாக ஒரு வேதத்தையோ புதிதாக ஒரு சாமியையோ தூக்கிக்கொண்டு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு மனப்பாடமான வேதத்தில், நான் தினமும் பேசுகிற தமிழில் அது வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு தடி வந்தது. கல் மூங்கில், மணிக்கட்டுத் தடிமன், எண்ணெயில் ஊறி மினுமினுப்பாக இருந்தது. அதற்குத் தேற்றுக்கோல் என்று பெயர் வைத்தார். முதல் ஆளாகத் தேறியவர் இடுப்பு வலியோடு கூனி நடந்த ஒரு கூலிக்காரப் பெரியவர். முதுகில் மூன்று அடி. பெரியவர் "ஆத்தாடி" என்று அலறி நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் கையை உயர்த்திக்கொண்டு ஜெபக்கூடத்தைச் சுற்றி ஓடினார். என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அவர் பழையபடி கூனிக்கொண்டு ஆடு ஓட்டிப் போனதையும் என் கண்ணால்தான் பார்த்தேன். ஆனால் சபை நடுவில் எழுந்து சாட்சி சொல்வது வெள்ளிக்கிழமை, சனிக்கிழமையில் யாரும் சாட்சி கேட்பதில்லை.

மூன்று மாதத்தில் அந்தச் சொல் ஊரைப் பிடித்துக்கொண்டது. அடி என்று யாரும் சொல்வதில்லை. "ஐயா மூணு தேத்து தேத்துனாரு" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டியின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதுவான். அவள் உதட்டில் ரத்தத்தோடு தண்ணீர்க் குழாய்க்கு வந்து, "ஒண்ணும் இல்ல, அவரு தேத்துனாரு" என்று சிரிக்கப் பார்ப்பாள். முன்பெல்லாம் குடித்துவிட்டு அடித்தான், அடுத்த நாள் வெட்கப்பட்டான். இப்போது குடிக்காமல் அடித்தான், அடுத்த நாள் ஜெபம் பண்ணினான். கட்டுவிரியனுக்குக் கழுத்தில் துளசிமாலை போட்ட கதை. என் வீட்டுக்காரர் மட்டும் என்னைத் தேற்ற முயலவில்லை, என்னிடம் கொட்டை உடைக்கும் கட்டை இருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் நான் என் மகளைத் தேற்றினேன். பால் குண்டானைக் கவிழ்த்ததற்காகத் துடைப்பக் கட்டையால் காலில் நாலு போட்டேன். போடும்போது அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டு அடித்தால் கை கூசவில்லை.

அரிசி ஆலைக்காரர் ஒருவர் சர்க்கரை வியாதிக்கு ஜெபிக்கச் சொல்லி அம்பாசிடர் காரில் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, தலையில் பூப்போலக் கையை வைத்து ஜெபித்தார் பாஸ்டர். தடி மூலையில் சாத்தியபடியே இருந்தது. ஆள் பார்த்துத் தேற்றுகிறதே இந்தக் கோல் என்று எனக்கு ஒரு நிமிஷம் பட்டது. பட்டதை அப்படியே விழுங்கினேன். சந்தேகம் வந்தால் அது பிசாசு பேசுகிறது என்று அவர் முதல் மாதமே சொல்லி வைத்திருந்தார். கேள்வி கேட்கிற வாய்க்கு முன்கூட்டியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலைகளை ஆரம்பித்திருந்தார் என்பது இப்போது புரிகிறது.

தங்கையை நான்தான் கூட்டிப்போனேன். முதல் தடவை மூன்று அடி. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். வீட்டில் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். மூன்று வரிகளும் விரல் தடிமனுக்கு எழும்பி நின்றன. அதற்குப் பிறகு எண்பது நாள் அவளுக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் நான் மாத்திரைக்கு எங்கே சாட்சி சொல்லப்போகிறேன்? மைக்கைப் பிடித்துக்கொண்டு தடிக்குச் சாட்சி சொன்னேன். அன்றைக்கு என் குரல் ஸ்பீக்கரில் பக்கத்து ஊர் வரை கேட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று ஊரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எண்பத்தோராம் நாள் அவள் கொட்டை உடைக்கும் கொட்டகையில் விழுந்தாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். தெளிந்த பிறகு இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள், நான் கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது வேதப் புத்தகத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தெருவுல ஒரு புள்ள விழுந்து முட்டிய பேத்துக்கிட்டு அழுவுது. நீ என்னா பண்ணுவ?"

"தூக்கி வெச்சுத் தேத்துவேன்."

"அடிச்சா?"

கட்டை என் கையில் அப்படியே நின்றது.

"இதுல இருக்கறது அந்தத் தேத்துறதுதான்க்கா. அழுவறவங்களத் தேத்துறது. நோவு தேறுறது இல்ல. அடுத்த வரியையும் நீயே பாரு. பந்தி போடுறாரு, தலைக்கு எண்ணெ வெக்கிறாரு. பொடைச்சு எடுத்த கையா எண்ணெ வெக்கும்? மேய்க்கறவன் கையில தடி எதுக்கு இருக்கு? நரிய அடிக்க. ஆட்ட அடிக்க இல்ல."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சத்தியமாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி என்றால் நான் மைக்கில் சொன்னது என்ன? என்னை நம்பி முதுகைக் காட்டிய பிள்ளைகள்? அவள் சரியாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பத்தாவது படிச்சுட்டா பாஸ்டருக்குப் பாடம் எடுப்பியா?" என்று கத்தினேன். சாயங்காலமே போய் அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"வேதம் பேசுற ஆவிதாம்மா இருக்கறதுலயே பிடிவாதம் புடிச்சது. வெள்ளிக்கிழம ஏழு தேத்து தேத்தணும். நீதான் காலப் புடிச்சுக்கணும், ரத்த சம்பந்தம் புடிச்சாத்தான் ஆவி வெளிய போவும்."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கூரை அனலாக இறங்கியது. தங்கை தானாக வரவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஜெபிக்க வேண்டும் என்று பொய் சொல்லித்தான் கூட்டிவந்தேன். உள்ளே வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பினாள், கதவைச் சாத்தினார்கள். இரண்டு பெண்கள் தோளை அழுத்திக் குப்புறப் படுக்கவைத்தார்கள். நான் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். மெலிந்த கணுக்கால்கள், ஒரு கைக்கு ஒன்றாக அடங்கின.

முதல் அடியில் அவள் உடம்பு வில்லாக எழும்பியது. "அக்கா, கால விடு" என்றாள். பாட்டு ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடி பழைய தழும்பின்மேல் விழுந்து தோல் கிழிந்தது. "அக்கா, கால விடு." அவள் அவரைத் திட்டவில்லை, ஆண்டவரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். மூன்று. நான்கு. ரவிக்கை முதுகில் ஒட்டிச் சிவப்பாகிக்கொண்டே வந்தது. அவர் ஒவ்வொரு அடிக்கும் "வெளிய போ" என்று கத்தினார், எச்சில் என் முகத்தில் தெறித்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து. இன்னும் இரண்டுதான், இன்னும் இரண்டில் தங்கை தேறிவிடுவாள். ஆறாவதற்கு அவள் ஒரு தோளை உருவிக்கொண்டு திரும்பினாள். தலைமேல் விழ இருந்த தடிக்கு இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். தடி மேல்கையில், தோளை ஒட்டி விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். தினமும் ஆயிரம் தடவை கேட்கிற சத்தம். தோடு பிளந்து உள்ளேயும் நொறுங்கினால் இப்படித்தான் கேட்கும். பாட்டுக்கு நடுவில் மற்றவர்கள் காதில் விழுந்ததோ என்னவோ, என் காதில் விழுந்தது. காலை விட்டேன்.

அவர் ஏழாவதற்கு ஓங்கினார். தடியைப் பிடித்துத் திருகிப் பிடுங்கினேன், அவரைவிட என் மணிக்கட்டுக்குப் பழக்கம் அதிகம். அவர் முகத்திலேயே போட்டேன். வாய் கிழிந்தது, முன்பல் இரண்டு தரையில் விழுந்தன. கீழே சரிந்தவர் முழங்காலில் போட்டேன், தோளில் போட்டேன், கும்பிட வந்த கையில் போட்டேன். நாலு ஆண்கள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தும் திமிறிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். "உன்னத் தேத்துறேன்டா! உன்னத் தேத்துறேன்டா!"

அவருடைய போதகம் என் வாயிலிருந்து வந்தது. அவரை அடித்தபோதும் நான் அவருடைய சிஷ்யைதான்.

தங்கையை ஷேர் ஆட்டோவில் போட்டு அரியலூருக்குக் கொண்டுபோனோம். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். வழியெல்லாம் ஒரே பேச்சு: சபைப் பேர் கெட்டுவிடும், மற்ற ஜனங்கள் சிரிப்பார்கள், ஆண்டவர் நாமம் தூஷிக்கப்படும். டாக்டர் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படி ஆச்சு?"

"மரத்துலேருந்து விழுந்துட்டாங்க" என்றேன்.

"எந்த மரம் முதுகுல இப்படி வரி போடும்?"

"முந்திரி மரம்ங்க."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். போலீஸ் கிடையாது, கேஸ் கிடையாது. பாஸ்டர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் சாமான்களோடு ஊரைவிட்டுப் போனார். தடியையும் எடுத்துக்கொண்டுதான் போனார். தொல்லை விட்டது என்று நான் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்தேன். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. மறுபடி உடைத்துச் சேர்க்கலாம் என்றார்கள். 'மறுபடி உடைத்து' என்ற வார்த்தையைக் கேட்டதும் தங்கை வேண்டாம் என்றுவிட்டாள்.

என்னோடு அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். சோறு போட்டால் சாப்பிட்டாள், மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். ராத்திரி தூங்கும்போது மட்டும் காலைச் சேலைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொள்வாள். கால்மாட்டுப் பக்கம் நான் போனால் விழித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. முந்திரி வாங்க வந்த ஒரு வியாபாரியம்மாள் பேச்சுவாக்கில், தா.பழூர் பக்கம் ஒரு பாஸ்டர் வந்திருக்கிறார், கூட்டம் அலைமோதுகிறது என்றாள்.

"நோவுக்காரங்கள அவரு அடிக்கறதாச் சொல்றாங்க. அடி இல்லீங்க, அதுக்கு ஏதோ பேரு. ம்… தேத்துறாராம்."

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊர் பெயர் கேட்கவில்லை, ஆள் பெயர் கேட்கவில்லை. அந்தச் சொல் போதும்.

"போவணும்க்கா" என்றாள் தங்கை.

"நமக்கெதுக்குடி? அவங்கவங்க தலையெழுத்து."

"நீ மைக்குல சொன்ன சாட்சியக் கேட்டு எத்தன புள்ளைங்க வந்துச்சு? அப்ப மட்டும் நமக்கெதுக்குன்னு நெனச்சியா?"

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தா.பழூர் போய், அங்கே விசாரித்துக்கொண்டு மினி பஸ் ஏறினோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். ஒரே ஒரு விஷயம்தான் வழியில் சொன்னாள்: "அங்க என்னா நடந்தாலும் நீ கைய ஓங்கக்கூடாது. ஓங்குன, நான் அவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

ஜெபக்கூடம் எங்கள் ஊரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தோம். அதே வெள்ளைச் சட்டை, அதே குரல். முன்பல் இரண்டும் புதுசு, மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தன. மேடைக்குக் கீழே ஒரு பாய் விரித்திருந்தது. பக்கத்தில் தடி. அதற்கும் பக்கத்தில், பாவாடையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டு, பத்துப் பதினோரு வயதில் ஒரு பெண் பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்திருந்தது. தேற்றப்படப்போகிறவள் அவள்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அதே கேள்வி, அதே பதில், அதே சொல். பிறகு, "தேறுன சாட்சி இருக்கறவங்க கையத் தூக்குங்க! நல்லா ஒசத்திக் காட்டுங்க!" என்றார்.

ஐந்தாறு கைகள் உயர்ந்தன. தங்கை எழுந்து நின்று இடது கையைத் தூக்கினாள். மற்றவர்கள் கை கூரையைப் பார்த்து நின்றது, அவளுடையது தோளுக்கு நேராக வந்து அதற்கு மேல் போகாமல் நின்றது.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "கர்த்தருக்குக் கை தூக்க என்னம்மா வெக்கம்? நல்லாத் தூக்கு" என்று சிரித்தார்.

"இதுக்கு மேல போவாதுங்க ஐயா" என்றாள். "இது நீங்க தேத்துன கைங்க."

அவள் ஜனங்கள் பக்கம் திரும்பி, எனக்குச் சொன்னதையே சொன்னாள். விழுந்து அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவீர்கள் என்று கேட்டாள். வேதம் இருக்கிறவர்கள் அடுத்த வரியை நீங்களே படியுங்கள் என்றாள். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்கு முகம் மாறியது.

"இது ஆவி பேசுது! புடிங்க!"

இரண்டு ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் அவளுடைய கோணல் கையையே பிடித்து முறுக்கினான். அவள் கத்தினாள். நான் குறுக்கே விழுந்தேன். இன்னொருவன் என் கன்னத்தில் அறைந்தான். தலை இரும்புத் தூணில் மோதி, உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அடிவயிற்றில் ஒரு உதை. என் கை தானாக உயர்ந்தது, காலருகில் ஒரு முக்காலி வேறு கிடந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். கையை இறக்கினேன். என் ஆயுசிலேயே அவ்வளவு கனமாக எதையும் நான் இறக்கியதில்லை.

வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "இவ காலப் புடிச்சவ நான்தாங்க. இவ கூடப்பொறந்தவ. ஐயா அடிச்சாரு, நான் புடிச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்ட மரத்துலேருந்து விழுந்தான்னு பொய் சொன்னதும் நான்தாங்க. இதாங்க என் சாட்சி."

எங்களைத் தரதரவென்று இழுத்து ரோட்டில் தள்ளினார்கள். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். உள்ளே பாட்டு மறுபடி ஆரம்பித்தது. ஆனால் பழைய வேகம் இல்லை, இடையிடையே யாரோ பேசும் குரல்களும் கேட்டன. நாங்கள் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். தங்கை முக்காட்டுத் துணியால் என் உதட்டைத் துடைத்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓவென்று அழுதேன். "அழுவாத, அழுவாதக்கா" என்று அந்தக் கையாலேயே என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மினி பஸ் வருவதற்கு முன்னால் பாய்க்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள், மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, பாதி ஓட்டமாக. பிள்ளை ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. எங்கள் எதிரில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"இன்னிக்குக் காலப் புடிக்க என்னையத்தாங்க சொல்லியிருந்தாரு" என்றாள்.

நான் அந்தப் பிள்ளையின் கணுக்காலைப் பார்த்தேன். என் பிடிக்குள் அது எவ்வளவு அடங்கும் என்று என் கைக்குத் தெரிந்தது.

அந்த அம்மா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு ஒங்க தங்கச்சி ஒண்ணுமே சொல்லலீங்களா ஒங்ககிட்ட?"

"சொன்னா" என்றேன். "கால விடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான் அடிய எண்ணிக்கிட்டு இருந்தேன்."